இடுப்பில் எதை வைப்பது: .32 ரிவால்வரா, .32 பிஸ்டலா?

துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது “ரிவால்வர் வாங்கலாமா, பிஸ்டல் வாங்கலாமா?” என்றுதான். சௌகார்பேட்டையில் கடையைப் பூட்டிவிட்டுக் கீழ்ப்பாக்கம் வீட்டுக்குப் போகிறவர், அது உடம்பில் எங்கே உட்காரும், எத்தனை மணி நேரம் உட்காரும், வழியில் எங்கெல்லாம் கழற்ற வேண்டிவரும் என்று கேட்பதில்லை. அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும். துப்பாக்கி சுடுகிற நேரம், சுட நேர்ந்தால், சில நொடிகள். மற்ற நேரமெல்லாம் அது வியர்வையில் ஊறும், ஸ்கூட்டரில் குலுங்கும், பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் கழற்றி வைக்கப்படும். ஆகவே ஒப்பீட்டையும் அந்த மீதி நேரத்திலிருந்தே தொடங்குவோம்.

அதற்கு முன் எவையெல்லாம் நமக்குக் கிடைக்கும் என்று பார்த்துவிட வேண்டும். யூடியூப்பில் பார்க்கிற க்ளாக் 19 போன்ற 9 மி.மீ. பிஸ்டல்களை மறந்துவிடலாம். 9 மி.மீ., .38 இரண்டும் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ‘போர்’ (bore, அதாவது குழலின் உள்ளளவு). சாதாரணக் குடிமகனின் உரிமத்தில் வராது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் உள்ளே வந்த வால்தர் பிபிகே மாதிரிப் பழைய பிஸ்டல்கள்தான் கைமாறிக்கொண்டிருக்கின்றன, அவற்றின் உண்மை மதிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் லட்சக்கணக்கில். புதிதாக வாங்குகிறவருக்கு உள்ள களம் சிறியது. கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர்கள், உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் வெப்ளி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பெயரில் தயாராகும் .32 ரிவால்வர், மேற்கு வங்கத்திலிருந்து வரும் ‘அஷானி’ என்ற .32 பிஸ்டல், இச்சாபூர் ரைஃபிள் தொழிற்சாலையின் ‘நிடர்’ என்ற சின்ன .22 ரிவால்வர். அரசுத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டதால், பெட்டியின் மேல் இப்போது ‘அட்வான்ஸ்ட் வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா’ என்ற பெயர் இருக்கும்.

இங்கே முதல் குழப்பம் ‘.32’ என்ற எண்ணிலேயே இருக்கிறது. ரிவால்வரில் போவது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும் நீளத் தோட்டா. பிஸ்டலில் போவது .32 ஏசிபி, 7.65 மி.மீ. என்றும் சொல்வார்கள், குட்டையானது, விளிம்பு லேசாகத்தான் தெரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. சில ரிவால்வர்களின் சுழலும் தோட்டா அறையான சிலிண்டருக்குள் ஏசிபி தோட்டா நுழைந்துவிடும் என்பதாலேயே அதைப் போட்டுச் சுடலாம் என்று ஆகிவிடாது. அதன் அழுத்தம் அதிகம், பழைய இரும்பு அதற்காகச் செய்ததில்லை. தோட்டா வாங்கும்போது “முப்பத்திரண்டு” என்று மட்டும் சொல்லாமல் ரிவால்வரா பிஸ்டலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரித்து ஒரு தோட்டாவின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

வலுவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரிவால்வர் தோட்டாவில் 98 கிரெய்ன் (துப்பாக்கிக்காரர்களின் எடை அளவு) ஈயம், நொடிக்குச் சுமார் 215 மீட்டர் வேகத்தில் போகும்; சுமார் 150 ஜூல். ஏசிபியில் 71 கிரெய்ன், நொடிக்குச் சுமார் 275 மீட்டர். சுமார் 170 ஜூல். 9 மி.மீ.யில் இது 450-ஐத் தாண்டும். அதாவது நம் கைக்கு வரும் இரண்டுமே பலவீனமான தோட்டாக்கள்தான். இதில் 20 ஜூல் கூடுதலா குறைவா என்று பேசி வாங்குகிறவர் தவறான இடத்தில் கணக்குப் போடுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது, ஊர் என்ன சொல்கிறது

மறைத்து வைத்துச் சுமப்பதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது அமெரிக்கக் கணக்கு. இங்கே 2016 ஆயுத விதிகள் நேர்மாறாகச் சொல்கின்றன: பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் சென்றால் அதற்கென்று செய்த உறையிலோ பையிலோ, உடம்போடு, முழுவதும் மூடப்பட்டு, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே தெரிகிற மாதிரிச் செருகிக்கொள்வது, எடுத்துக் காட்டுவது, கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது எல்லாம் குற்றம். கொண்டாட்டச் சூட்டுக்கு 2019 திருத்தத்தில் 2 ஆண்டு வரை சிறையோ ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வைத்திருக்கிறார்கள். அதே திருத்தம்தான் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது.

‘உங்கள் கட்டுப்பாட்டில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டு ஹோட்டலுக்குள் போவது கட்டுப்பாடு ஆகாது. ஆனால் சென்னையில் ஒரு சாதாரண நாளில் எத்தனை வாசலில் கழற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மெட்ரோ ஸ்டேஷனில் பையை எக்ஸ்ரேயில் விடுவார்கள்; துப்பாக்கிக்கு அங்கே இடம் இல்லை. மாலில் தடவிப் பார்ப்பார்கள். சினிமா, ஹைகோர்ட் வளாகம், பெரிய கோயில், விமான நிலையம், எங்கும் இதே கதை. மெட்ரோவில் ஆபீஸ் போகிறவருக்குத் தினசரிச் சுமத்தல் என்பது நடைமுறையிலேயே இல்லை. கடை, பேங்க், வீடு என்று சொந்த வண்டியில் ஒரே பாதையில் போய்வருகிறவருக்குத்தான் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பொருந்தும்.

எல்லையையும் பார்க்க வேண்டும். உரிமத்தில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், ஈ.சி.ஆரில் கனகசெட்டிகுளம் வந்ததும் நீங்கள் புதுச்சேரியில், உரிமம் இல்லாத துப்பாக்கியோடு நிற்கிறீர்கள். வடக்கே எளாவூர் செக்போஸ்ட் தாண்டித் தடா போனாலும் அதேதான். திருப்பதிக்குப் போகிற அன்று வீட்டு லாக்கரில் வைத்துவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை. உள்நாட்டு விமானத்தில் ஒரு துப்பாக்கியும் 50 தோட்டா வரையும் செக்-இன் பெட்டியில், தோட்டா தனி, துப்பாக்கி தனி என்று முன்கூட்டி அறிவித்து அனுப்பலாம். அங்கேயும் இறங்குகிற ஊர் உரிமத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

வியர்வை, வேட்டி, ஸ்கூட்டர்

கான்பூரின் பழைய மாடல் .32 ரிவால்வர், வெப்ளி வடிவத்தைப் பின்பற்றி நடுவில் மடிந்து திறப்பது. 6 தோட்டா, 3 அங்குலக் குழல். 2023 ஆகஸ்டில் வந்த ‘பிரபல்’ சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை: தோட்டா இல்லாமல் 700 கிராம், குழல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ. இந்த 700 கிராமை ஒரு நாள் முழுக்க இடுப்பில் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். முக்கால் கிலோ அரிசியை ஒரு பையில் கட்டி, பெல்ட்டில் செருகி, ஒரு வாரம் கடைக்குப் போய்வாருங்கள். செலவில்லாத சோதனை, பாதிப் பேர் மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிடுவார்கள்.

தட்டையாக இருப்பதில் பிஸ்டலுக்கு நிகர் இல்லை. .32 பிஸ்டலின் தடிமன் ஏறக்குறைய ஓர் அங்குலம். ரிவால்வரின் சிலிண்டர் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் புடைத்து நிற்கும். அரைக்கைச் சட்டையை வெளியே விட்டுப் போடுகிற நம் ஊர்ப் பழக்கத்தில் இரண்டுமே மறைந்துவிடும். மறையாத இடம், குனியும்போது பின்னால் ஏறுகிற சட்டை. இடுப்பின் வலது பக்கம், எலும்புக்குச் சற்றுப் பின்னால், பேன்ட்டுக்கு உள்ளே போகும் உறையில் வைத்தால் இரண்டுக்கும் பிரச்சினை குறையும். முதுகுத் தண்டின் மேல் மட்டும் வைக்காதீர்கள். ஆக்டிவாவிலிருந்து சறுக்கி மல்லாந்து விழுந்தால் இரும்பு முதலில் தண்டில் அடிக்கும்.

வேட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு தனிச் சொல். அகலப் பச்சை பெல்ட்டில் பணப்பை இருக்கிறதே, அதிலேயே வைக்கலாமே என்று தோன்றும். அந்த பெல்ட் பணத்துக்குச் செய்தது. எடை வந்தால் வளைந்து கவிழும், டிரிகரை மூடாது. டிரிகர் மூடாத எந்தப் பையும் உறை இல்லை. சாவிக்கொத்தும் சில்லறையும் இருக்கும் பாக்கெட்டும் அப்படியே.

உறைக்கு நம் ஊரிலேயே ஆள் உண்டு. பெரியமேட்டில் தோல் வாங்கித் தைத்துத் தருவார்கள். கேட்டு வாங்க வேண்டியது குரோம் பதனிட்ட மிருதுவான தோல் அல்ல. அதிலுள்ள உப்பு இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். பழகப் பழகத் தொளதொளத்து வாய் மூடிக்கொள்ளும், அப்புறம் ஒரு கையால் திரும்பச் செருக முடியாது. மரப்பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல் வேண்டும், 3 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல், வாயில் ஒரு கூடுதல் பட்டையோடு. அதையும்விட இந்தக் காலநிலைக்குக் கைடெக்ஸ் என்கிற கடினப் பிளாஸ்டிக் உறை மேல். வியர்வையைக் குடிக்காது, துடைத்தால் போய்விடும். வடிவம் மட்டும் உங்கள் மாடலுக்கே வார்த்ததாக இருக்க வேண்டும்.

துரு விஷயத்தில் இரண்டுமே சென்னைக்குத் தோற்கும். நீலப் பூச்சு போட்ட இரும்பு, திருவான்மியூர் மாதிரிக் கடலோர வீட்டில், ஐப்பசி மழையில், ஒரே இரவில் செம்புள்ளி காட்டிவிடும். தினமும் கழற்றியதும் உலர்ந்த பனியன் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு வெளிப்பக்கம் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது: மார்கழியில் உறையும், கொஞ்ச நாளில் பிசினாகும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவதும் ஆபத்து. சிலிண்டருக்குள்ளோ, பிஸ்டலில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளோ இறங்கினால் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் ஊறி அது வெடிக்காமல் போகும். இரவில் உறைக்குள் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். தோட்டாக்களைத் தோல் பவுச்சில் மாதக்கணக்கில் விட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த தோட்டா பிஸ்டல் சேம்பரில் முழுதாக உட்காராது. ரிவால்வரில் சுட்ட பிறகு வெளியே வராது. உடம்பில் சுமக்கும் தோட்டாக்களை ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை ஏற்றுவது நல்ல வழக்கம். அடியில் ‘கே.எஃப்’ முத்திரையும் ஆண்டும் இருக்கும்; அது புனே அருகே கிர்க்கித் தொழிற்சாலை, ஆண்டைப் பார்த்து வாங்கலாம்.

எது, எப்போது, ஏன் கைவிடும்

இங்கேதான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் திரும்ப டிரிகரை இழுத்தால் அடுத்தது வரும். அவ்வளவுதான். (பயிற்சியிடத்தில் மட்டும் 30 நொடி குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்துக் காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிப்பது உண்டு.) அதன் நோய்கள் வேறு. பிரைமர் சரியாக அழுந்தாமல் துருத்தியிருந்தால் சிலிண்டர் சுற்றாது. காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் எரியாத வெடிமருந்துத்தூள் நாலு சேர்ந்தாலும் டிரிகர் கல்லாக இறுகும். பல்துலக்கும் பழைய பிரஷ் அதற்குப் போதும். ‘டப்’ என்று மெலிதாகச் சத்தம் வந்து உதைப்பு இல்லாமல் போனால் குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். நிறுத்திவிட வேண்டும்.

பிஸ்டலின் நோய், தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசினில் தொடங்கும். .32 ஏசிபிக்கு உள்ள லேசான விளிம்புதான் காரணம்: மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் சறுக்கிவிட்டால் இரண்டும் கோத்துக்கொள்ளும். பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் விடாது. மேகசினைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பிதுக்கித்தான் எடுக்க வேண்டும். ஏற்றும்போதே ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழுள்ளதற்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேகசின் உதடு ஒருமுறை கீழே விழுந்து வளைந்தால் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்துச் சுட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல், காலியான கூடு புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். இவை ஒவ்வொன்றையும் இருட்டில், பதற்றத்தில், இரண்டு கையாலும் சரிசெய்யப் பழகியவருக்குத்தான் பிஸ்டல் நல்ல ஆயுதம். மாதம் ஒருமுறைகூட ரேஞ்சுக்குப் போகாத கடைக்காரருக்கு அல்ல.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மேகசினை உருவிவிட்டால் பிஸ்டல் காலி என்று நினைப்பவர்களால்தான் வீடுகளில் விபத்து நடக்கிறது. சேம்பரில் ஒன்று இருக்கும். ரிவால்வரைத் திறந்தால் ஆறு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும்; காலியா இல்லையா என்பதற்கு அறிவு வேண்டாம், பார்வை போதும்.

பழைய வடிவ பிஸ்டல்கள் பலவற்றில் கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு இல்லை. ஆகவே சேம்பரைக் காலியாக வைத்துத்தான் சுமக்க வேண்டும். அப்படியானால் எடுத்ததும் ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை ஸ்கூட்டர் ஹேண்டில்பாரிலோ பிள்ளையின் தோளிலோ இருந்தால்? ‘8 தோட்டா’ என்ற பெருமை அங்கே முடிந்துவிடுகிறது. ரிவால்வரில், சுத்தியலுக்கும் பிரைமருக்கும் இடையே தடுப்பு இல்லாத பழைய மாடலாக இருந்தால் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விட்டு ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தடுப்பு இருக்கிறதா என்பது தெரியவில்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவால்வரின் பெரிய குறை அதன் டிரிகர். சுத்தியலை முன்பே இழுக்காமல் நேரடியாகச் சுட்டால் 5 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். பழகாத விரல் குழலைக் கீழே இடதுபக்கம் இழுத்துவிடும். ஆனால் அந்தக் கனம்தான் உறைக்குள் அதற்குப் பாதுகாப்பும். இந்தக் குறையை வீட்டிலேயே பயிற்சியில் தீர்க்கலாம்: தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சிலிண்டரை இரண்டு முறை பார்த்து, போலித் தோட்டா போட்டு, வெற்றுச் சுவரைப் பார்த்து நாளுக்கு 20 இழுப்பு. .22 நிடரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதன் சுடும் ஊசி காலி அறையின் விளிம்பிலேயே அடித்துக் குழி விழவைக்கும்.

நிடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சுமார் 250 கிராம்தான், சட்டைப்பையில் வைத்தாலும் தெரியாது, விலையும் குறைவு. ஆனால் .22-இன் மருந்து விளிம்பில்தான் தடவப்பட்டிருக்கும். எங்கேனும் சரியாகப் பரவாமல் இருந்தால் வெடிக்காது. குட்டைக் குழலிலிருந்து சுமார் 100 ஜூல்தான் வரும். எப்போதும் கூடவே இருக்கும் என்பது அதன் ஒரே வாதம், அது சின்ன வாதமும் இல்லை. 2014-இல் வந்த ‘நிர்பீக்’ டைட்டானியக் கலவையில் செய்தது, .32, சுமார் அரைக் கிலோ. வெளிவந்தபோதே விலை ஒன்றேகால் லட்சத்தை நெருங்கியது. எடை குறைந்தால் உதைப்பு கூடும் என்பதை மறக்காதீர்கள். ஆனாலும் .32-இன் உதைப்பு மென்மையானது, பெரும்பாலான கைகள் தாங்கும். துருவுக்கும் டைட்டானியம் அஞ்சாது. சென்னைக்கு இந்த ஒரு குணமே அதன் விலையில் பாதியை நியாயப்படுத்தும்.

ஆக, தினமும் சுமப்பதற்கென்று வாங்குகிறவர் எடை குறைந்த .32 ரிவால்வர் பக்கம் போகட்டும். 700 கிராமைத் தாங்குகிறவர் பிரபலையும் பார்க்கலாம். ரேஞ்சில் தொடர்ந்து சுடுகிறவர், மேகசினைத் தானே சுத்தம் செய்து பழகியவர், மெலிந்த உடம்புக்காரர் அஷானியைப் பார்க்கலாம். பழைய பிபிகேயை லட்சங்கள் கொட்டி வாங்குவது சேகரிப்பாளரின் ஆசை. அசல் மேகசின் ஒன்று உடைந்தால் இன்னொன்று கிடைக்காது, இறக்குமதி அடைபட்டிருக்கிறது. சுமக்க அது உதவாது.

வாங்குவதற்கு முன்னும் பின்னும்

விலைப்பட்டியலில் உள்ளதோடு ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ரிவால்வர், பிஸ்டலுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. இதனாலேயே இரண்டாம் கைத் துப்பாக்கிக்குக் கிராக்கி. தனியாரிடம் வாங்கினால், விற்கிறவர் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். “இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள், பேப்பர் அப்புறம்” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உடலில் பொறித்த எண்ணும் அவர் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ரிவால்வரைக் காலி என்று உறுதிசெய்து, டிரிகரை இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள். அப்போது அது அதிகம் ஆடக் கூடாது. அதிகம் ஆடினால் குண்டு குழலின் வாயில் உரசி ஈயத்தைப் பக்கவாட்டில் சீவித் தெறிக்கும். சுத்தியலை இழுத்து நிறுத்திப் பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளுங்கள், விழுந்தால் தேய்ந்துவிட்டது. மடிந்து திறக்கும் மாடலில் மேல் கொக்கி இறுக்கமாகப் பூட்டுகிறதா என்பதுதான் உயிர்நாடி. குழலுக்குள் டார்ச் அடித்தால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி தெரிகிறதா? பழைய மருந்தின் உப்பு தின்ற இடம் அது.

உரிமம் இன்னும் வாங்காதவர்களுக்கு: சென்னை நகரில் அதிகாரி போலீஸ் கமிஷனர், வேப்பேரி அலுவலகம், மாவட்டங்களில் கலெக்டர். வயது 21 ஆகியிருக்க வேண்டும். படிவம் ஏ-1, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, உடல்-மனநல மருத்துவச் சான்று, முகவரிச் சான்றுகள், பிறகு உள்ளூர் ஸ்டேஷன் விசாரணை. தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இல்லாத உரிமம் செல்லாது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு ஒரு நுட்பமான வேறுபாடு செய்கிறது: 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வழவழப்புக் குழல் துப்பாக்கியைத் தற்காப்புக்குக் கேட்டால் ஒரு அளவுகோல், கைத்துப்பாக்கி கேட்டால் ‘தகுந்த காரணம்’ இருப்பதாக அதிகாரி திருப்தியடைய வேண்டும். “ஊர் கெட்டுக்கிடக்கிறது” என்பது காரணம் அல்ல. மிரட்டல் வந்ததற்குப் புகார் ரசீது, எஃப்.ஐ.ஆர்., தொழிலில் ரொக்கம் புரள்வதற்கு வங்கிக் கணக்கு, இவைதான் பேசும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், மேல்முறையீடும் உண்டு.

காரணமே தினசரி ரொக்கம்தான் என்றால் நேர்மையாக ஒரு கேள்வி: ரொக்கத்தை எடுத்துப்போக வங்கியின் கேஷ் வேனை வரவழைத்தால் ஆபத்தே உங்களைவிட்டுப் போய்விடாதா? வீட்டுக்கு மட்டும் பாதுகாப்பு என்றால் நீளக் குழல் 12 போர் துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கும், குறி தப்புவதும் குறைவு. தெருவில் சங்கிலி பறிப்பு பயம் என்றால் சில நூறு ரூபாய்க்கு உரிமம் தேவையில்லாத பெப்பர் ஸ்ப்ரே. 2, 3 மீட்டர் வரை போகும், சாயங்காலக் கடற்காற்றுக்கு எதிராக அடித்தால் உங்கள் கண்ணுக்கே வரும், காலாவதித் தேதியும் உண்டு. ஓடும் சங்கிலித் திருடனைப் பின்னாலிருந்து சுட்டால் தற்காப்பு ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளைச் சுமப்பவர் கட்டாயம் வாசித்திருக்க வேண்டும். உயிர்ச்சேதம் வரை போகும் உரிமை எப்போது என்பதை 38-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37-ஆம் பிரிவு கையைக் கட்டுகிறது. ரங்கநாதன் தெருவில் குறி தப்பினால் அந்தக் குண்டு யாரோ ஒருவரிடம்தான் போய் நிற்கும்.

பயிற்சிக்கு எழும்பூர் சென்னை ரைஃபிள் கிளப் போன்ற இடங்களில் உறுப்பினராகிக்கொள்ளுங்கள். தோப்பில், மொட்டை மாடியில் “சும்மா ஒன்று” சுட்டுப் பார்ப்பது உரிமத்தைப் பறிகொடுக்கும் நேர்வழி. தூரம் 5 முதல் 7 மீட்டர் போதும். காகிதத் தட்டு அளவு இலக்கில் ஆறும் விழும்வரை தூரத்தைக் கூட்டாதீர்கள். ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா, ஆண்டுக்கு எத்தனை என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அதில் பெரும்பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். வாங்கியதும் சுட்டதும் சிறு நோட்டில் இருந்தால் புதுப்பிக்கும்போது கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். புதுப்பிப்பு விண்ணப்பத்தைக் காலாவதிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் பீரோவின் துணிகளுக்கு அடியில் வைப்பது ஒளித்துவைப்பது ஆகும், பூட்டிவைப்பது ஆகாது. சுவரில் போல்ட் போட்ட எண் பூட்டுப் பெட்டி, தோட்டா வேறு பூட்டில், எண் வேலைக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாதது. கழற்றுவதும் மாட்டுவதும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில். நாளுக்கு எத்தனை குறைவாகக் கையாளுகிறீர்களோ அத்தனை நல்லது; உறையோடு கழற்றி உறையோடு பெட்டிவரை கொண்டுபோய், பெட்டிமுன் நின்றுதான் உருவ வேண்டும்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அது பொது அலமாரியில் கிடக்கும். கொடுப்பதற்கு முந்தைய இரவு குழலுக்குள்ளும் வெளியிலும் வழக்கத்தைவிடக் கெட்டியாக எண்ணெய் பூசி, உறையில்லாமல், துணியில் சுற்றிச் சிலிக்கா ஜெல்லோடு பிளாஸ்டிக் பெட்டியில் கொடுங்கள். ரசீதில் மாடலும் எண்ணும் எழுதப்பட்டிருக்கிறதா, மேகசின் இருந்தால் அதன் எண்ணிக்கையும் சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். தோட்டாவும் எத்தனை என்று தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது முதலில் எண்ணைச் சரிபாருங்கள், பிறகு சிலிண்டரைத் திறந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கெட்டி எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே தோட்டா ஏற்ற வேண்டும்.